முதிய பூனைகளை வெளியில் உலவவிடுதல்

முதிய பூனைகளை வெளியில் உலவவிடுதல் என்பது, ஏறத்தாழ 10 வயதைக் கடந்த வீட்டுப் பூனையை அதன் விருப்பப்படி வீட்டுக்கு வெளியே நடமாட விடுவதையும், அவ்வாறு விடலாமா என்று வளர்ப்போர் எடுக்கும் முடிவையும் குறிக்கும். நாய் வளர்ப்பில் இக்கேள்வி இவ்வளவு சிக்கலாக எழுவதில்லை. நாயைக் கட்டிவைக்கலாம், கூட்டிச் செல்லலாம். பூனையோ சுவர் ஏறும், ஓடு தாவும், பசித்தால் திரும்பி வரும். ஆதலால் தமிழ்நாட்டு வழக்கத்தைப் பொறுத்தவரை பூனை உலவ விடப்படுகின்றது என்பதைவிடத் தடுக்கப்படாமல் இருக்கின்றது என்பதே பொருத்தமானது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தியாகதுருகம் போன்ற சிறு நகரங்களிலும் இவ்வழக்கமே பரவலானது. எனினும் பூனை எலிபிடிக்கும் துணை என்ற நிலையிலிருந்து வீட்டில் ஒருவராகக் கருதப்படும் நிலைக்கு மாறிவருவதாலும், தடுப்பூசி, கருத்தடை, மருத்துவம் ஆகியவற்றால் பூனைகள் நெடுநாள் வாழ்வதாலும், வயதான பூனையை என்ன செய்வது என்ற கேள்வி இங்கும் எழுகின்றது.

உயிரியற் பின்னணி

வீட்டுப் பூனை ஊனுண்ணிப் பாலூட்டி ஆகும். இதன் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்பது 2007-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்றினால் உறுதியாயிற்று. சைப்பிரசுத் தீவில் மனிதர் ஒருவருக்கு அருகே பூனை புதைக்கப்பட்டிருந்த, ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழைமையான புதைகுழி 2004-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தானியக் களஞ்சியம் எலியை ஈர்க்க, எலி பூனையை ஈர்த்தது. மாடு, ஆடு போல மனிதன் பிடித்துப் பழக்கிய விலங்கன்று பூனை. தானே வந்து சேர்ந்தது என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. அதன் அலைந்து திரியும் இயல்பு இன்றுவரை மாறாமலிருப்பதற்கு இதுவும் காரணம்.

தமிழில் பூனையின் பெயர்கள் பழைமையானவை. தொல்காப்பியத்தின் மரபியல், வெருகு எனப்படும் காட்டுப்பூனையைப் பூசை என்று வழங்குவதைக் குறிப்பிடுகின்றது. ஆண் பூனையைக் கடுவன் என்பது இன்றும் ஊர்ப்பேச்சில் உள்ளது. கருத்தடை செய்யப்படாத கடுவன் பெட்டையைத் தேடியும் எல்லையைக் காக்கவும் வெகுதூரம் செல்லும். கருத்தடை செய்யப்பட்ட பூனை பொதுவாக வீட்டைச் சுற்றியே இருக்கும். ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் 900-க்கும் மேற்பட்ட வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் இடங்காட்டிக் கருவி பொருத்திச் செய்யப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள்ளேயே தம் நேரத்தைக் கழித்தது தெரியவந்தது.

பூனையின் முதுமை

கால்நடை மருத்துவர்கள் 7 முதல் 10 வயது வரையுள்ள பூனையை முதிர்ந்த பூனை என்றும், அதற்கு மேற்பட்டதை முதிய பூனை என்றும் வகுப்பது வழக்கம். 15 வயதைத் தாண்டிய பூனைகளும் அரிதல்ல.

பூனையின் முதுமை வெளியே எளிதில் தெரிவதில்லை. மூட்டுத் தேய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வொன்றில் 90 பூனைகளுக்கு மூட்டு அல்லது முதுகெலும்புத் தேய்வின் அடையாளங்கள் இருந்தன. ஆயினும் பூனை நொண்டுவது குறைவு. அது மதிலுக்குத் தாவுவதை நிறுத்திவிடும். நாற்காலியில் ஏறி, பின்னர் மேசையில் ஏறும். முதுகை நக்கித் தூய்மை செய்யாததால் அங்கு மயிர் சடையாகும். வளர்ப்போர் இதனை வயதாகிவிட்டது, சாதுவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கின்றனர்.

நாட்பட்ட சிறுநீரக நோய் முதிய பூனைகளில் மிகப் பரவலானது. பூனை வழக்கத்தைவிட மிகுதியாக நீர் குடிப்பதும், மிகுதியாகச் சிறுநீர் கழிப்பதும், மெலிவதும் இதன் அறிகுறிகள். 1979-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட தைராய்டு மிகைச்சுரப்பு நோயில், பூனை நன்றாக உண்டும் இளைக்கும், அமைதியின்றித் திரியும். இவ்விரு நோய்களுடனும் குருதி அழுத்தம் உயர்வதுண்டு. அதனால் விழித்திரை பிரிந்து பார்வை திடீரெனப் போகக்கூடும். மிக முதிய பூனைகளில் சில இரவில் காரணமின்றி உரக்கக் கத்தும். பழகிய இடத்திலேயே திசை மறந்து நிற்கும். இது மூளையின் முதுமைத் தளர்ச்சியாக இருக்கலாம்.

வெளியில் திரியும் பூனையிடம் இவ்வறிகுறிகளைக் காண்பது கடினம் என்பதை வளர்ப்போர் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. அது வாய்க்காலில் நீர் குடித்து, பக்கத்து மனையின் மணலில் சிறுநீர் கழித்துவிட்டு வரும். வீட்டில் மணல் தட்டு வைத்திருப்பவருக்கு மணல் கட்டிகள் பெரிதாவதிலிருந்தே நோய் தெரிந்துவிடும். மற்றவருக்குப் பூனை எலும்பும் தோலுமான பிறகே தெரியும்.

வெளியிலுள்ள இடர்கள்

வீட்டுக்குள் வாழும் பூனை 15 ஆண்டுகளும் வெளியில் திரியும் பூனை 2 முதல் 5 ஆண்டுகளும் வாழும் என்ற கூற்று பல நூல்களிலும் கையேடுகளிலும் காணப்படுகின்றது. இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. உரிமையாளரற்ற தெருப் பூனைகளையும், வீட்டில் உணவும் மருத்துவமும் பெற்று வெளியேயும் போய்வரும் பூனைகளையும் இது ஒன்றாகக் கலந்துவிடுகின்றது. பூனைகள் வெளியே போய்வருவது இயல்பாகவுள்ள இங்கிலாந்தில், கால்நடை மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், பூனைகளின் இடைநிலை வாழ்நாள் 14 ஆண்டுகள் எனக் கண்டறியப்பட்டது. 5 வயதுக்குட்பட்டு இறந்த பூனைகளில் ஏறத்தாழப் பாதி விபத்து முதலிய காயங்களால் இறந்தன. 5 வயதுக்கு மேற்பட்டவற்றில் சிறுநீரக நோயே முதலிடம் பெற்றது. சாலை முதன்மையாக இளம் பூனைகளைக் கொல்கின்றது. முதிய பூனையை நோய் கொல்கின்றது.

இதிலிருந்து முதிய பூனைக்குச் சாலையால் ஆபத்தில்லை என்று கொள்ளலாகாது. பல ஆண்டுகள் வெளியில் திரிந்து பிழைத்த பூனைக்குத் தன் தெரு தெரியும். ஆனால் அதன் கண், காது, மூட்டு ஆகியவை தளரும்போது அவ்வறிவு பாதிக்குமேல் பயனற்றுப் போகும்.

தமிழ்நாட்டு ஊர்களில் பூனைக்கு மிகப்பெரிய பகை தெருநாய். நாய்களிடமிருந்து பூனை தப்புவது ஓட்டத்தால் அன்று, ஏறுவதால். முன்பு ஒரே தாவலில் ஏறிய 6 அடி மதிலை மூட்டு தேய்ந்த பூனையால் ஏறமுடியாது. நாய்க்கடியில் தோலுக்கு மேலே சிறிய துளைகளே தெரிந்தாலும் உள்ளே சதையும் நுரையீரலும் கிழிந்திருக்கக்கூடும்.

பூனைகளுக்கிடையே சண்டையும் உண்டு. வயதான பூனை தன் எல்லையைப் புதிய கடுவன்களிடம் இழக்கும். கடிகாயங்கள் சீழ்க்கட்டிகளாக மாறுவதோடு, பூனை எதிர்ப்பாற்றல் குறைப்புத் தீநுண்மமும் கடியின் வழியாகவே பெரிதும் பரவுகின்றது. இது 1986-இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. 1964-இல் கிளாசுக்கோவில் கண்டறியப்பட்ட பூனை வெண்குருதிப் புற்றுத் தீநுண்மம் எச்சில் வழியாகவும் பரவும்.

வெறிநோய் தனியாகக் கருதத்தக்கது. இந்தியாவில் இந்நோய் பெரும்பாலும் நாய்க்கடியால் பரவுகின்றது. ஆனால் வெறிநாயால் கடிபட்ட பூனையும் அதனைப் பரப்பும். வெளியே செல்லும் பூனைக்கு, அதன் வயது எதுவாயினும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி தேவை. பூனை கடித்தாலோ குருதி வருமாறு கீறினாலோ நாய்க்கடிக்குச் செய்வதையே செய்யவேண்டும். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லவேண்டும். பூனைக்கடிதானே என்று விடுவது உயிருக்கே கேடாகலாம்.

தியாகதுருகம் வட்டாரச் சூழல்

தியாகதுருகம் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே அமைந்த பேரூராகும். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகளின் போட்டிக்குள்ளான மலைக்கோட்டையால் இவ்வூர் வரலாற்றில் அறியப்படுகின்றது. இது அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே கல்வராயன் மலை உள்ளது.

பூனையின் நோக்கில் பார்த்தால் இத்தகைய ஊர் இரண்டு உலகங்களைக் கொண்டது. ஒன்று, நாட்டு ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் நெருங்கி நிற்கும் உள்தெரு. இங்குப் பூனை தரையில் இறங்காமலேயே ஓடுகளின் மேல் பல வீடுகளைக் கடந்துவிடும். மற்றொன்று, ஊரைச் சுற்றியுள்ள வயலும் நெடுஞ்சாலையும். இவ்வட்டாரத்தில் கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி ஆகியவை பயிராகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்புக்கும் நெல்லுக்கும் எலி பெரும்பகை; ஆதலால் எலிமருந்து வைப்பதும் வழக்கம்.

எலிமருந்து பூனைக்கு இருவழியில் ஆபத்தாகும். துத்தநாகப் பாசுபைடு வயிற்றிலுள்ள அமிலத்துடன் சேர்ந்து பாசுபீன் என்னும் நச்சுவளியை வெளியிடும். அது சில மணி நேரத்திலேயே உயிரைப் போக்கக்கூடும். புரோமடையோலோன் போன்றவை குருதி உறைவதைத் தடுத்து, சில நாட்களுக்குப் பின்னரே உட்கசிவை உண்டாக்கும். மருந்துண்ட எலி உடனே சாவதில்லை, தளர்ந்து தடுமாறும். விரைந்தோடும் எலியைப் பிடிக்க இயலாத முதிய பூனைக்கு எளிதில் அகப்படுவது அந்தத் தளர்ந்த எலியே. புரோமடையோலோன் வகை நஞ்சுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாகும். ஆகவே எந்த மருந்து வைக்கப்பட்டது என்பதை அறிந்து கால்நடை மருத்துவரிடம் சொல்வது பயன்தரும்.

கோடைக்காலம் இன்னொரு இடர். அக்கினி நட்சத்திர நாட்களில் தகரக் கூரையும் சிமெண்டு அட்டையும் பூனையின் பாதத்தைச் சுடும். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு நீரிழப்பு விரைவில் நேரும். தீபாவளி வெடிகளின் போது, வழி தவறாத பூனையும் மிரண்டு ஓடி நாட்கணக்கில் வராமலிருப்பதுண்டு. அந்நாட்களில் எந்தப் பூனையையும் வீட்டுக்குள் வைப்பதே முறை.

மருத்துவ உதவிக்கு அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. அதே நெடுஞ்சாலையில், அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்தின் தலைவாசலில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று அமைந்துள்ளது.

அடைத்து வைப்பதன் விளைவுகள்

இவ்வளவு இடர்கள் இருந்தால் கதவைச் சாத்திவிடலாமே என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. பத்தாண்டுகள் தெருவில் வாழ்ந்த பூனையைத் திடீரென அடைத்தால் அது கதவைப் பிறாண்டும், இரவெல்லாம் கத்தும், மூலைகளில் சிறுநீர் தெளிக்கும். மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வருவதும், உண்ணாமல் இருப்பதும் உண்டு. பருத்த பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். அசைவு குறைந்து உடல் பருத்தால் நீரிழிவும் மூட்டுவலியும் மிகும்.

தமிழ்நாட்டு வீடுகளில் கவனிக்கவேண்டிய மற்றொன்று உணவு. பல வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது பால்சோறும் தயிர்சோறும், வாய்த்தால் மீன்தலையும்தான். பூனையின் உடல் டாரின் என்னும் பொருளைத் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ளாது; அது இறைச்சியிலிருந்தே கிடைக்கவேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை அழியும் என்பது 1975-இலும், இதயத் தசை தளர்ந்து விரியும் என்பது 1987-இலும் நிறுவப்பட்டன. சோறு மட்டும் இடப்பட்ட ஊர்ப்பூனைகள் இதுவரை பிழைத்தது வெளியே எலி, ஓணான் முதலியவற்றைத் தின்றதனாலேயே. உணவை மாற்றாமல் அத்தகைய பூனையை அடைத்துவைப்பது, பாதுகாப்பு என்ற பெயரில் அதனைப் பட்டினியிடுவதற்குச் சமம். வேகவைத்த மீன், கோழி ஈரல், கோழி இதயம் ஆகியவற்றை வெந்த நீருடனேயே கொடுக்கலாம். டாரின் நீரில் கரையக்கூடியது. சிறுநீரக நோயுள்ள பூனைக்கான உணவை மருத்துவரே முடிவுசெய்யவேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

காட்டுயிர்களின் மீதான தாக்கம்

பூனையின் நலம் மட்டுமே இக்கேள்வியில் அடங்குவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் வெளியில் திரியும் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரையான பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பகுதி உரிமையாளரற்ற பூனைகளின் வேட்டையாகும். நியூசிலாந்தின் இசுட்டீவன்சு தீவில் மட்டும் எஞ்சியிருந்த பறக்க இயலாத சிறு பறவையினம் ஒன்று, தீவுக்குப் பூனைகள் வந்த பின்னர் 1890-களில் அழிந்தது.

கல்வராயன் மலையடிவாரத்தில் இதற்கு வேறொரு பரிமாணம் உண்டு. உலகின் மிகச்சிறிய பூனையினங்களுள் ஒன்றான துருநிறப் புள்ளிப் பூனை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கின்றது. 1831-இல் இவ்வினம் அறிவியலுக்கு அறிமுகமானது புதுச்சேரியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டேயாகும். காட்டுப்பூனை எனப்படும் மற்றோர் இனம் கரும்புக் கொல்லைகளிலும் புதர்களிலும் வாழக்கூடியது. வீட்டுப் பூனைகள் இவற்றுக்கு நோய்களைக் கடத்தவும், இவற்றுடன் இனங்கலக்கவும் கூடும். இசுக்கொட்லாந்தின் காட்டுப்பூனை வீட்டுப் பூனையுடன் கலந்து தன் தூய்மையை இழந்துவருவது அறிந்ததே. கருத்தடை செய்யப்பட்ட முதிய பூனையால் இனக்கலப்புக்கு இடமில்லை. அதன் வேட்டையும் இளம் பூனையின் வேட்டையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் தரையில் தத்தும் குஞ்சுகளைப் பிடிக்க வேகம் வேண்டியதில்லை.

மண்ணின் வழியாகப் பரவும் டாக்சோபிளாசுமா ஒட்டுண்ணியைக் காரணங்காட்டி, கருவுற்ற பெண் உள்ள வீட்டிலிருந்து பூனையை விரட்டுவது வழக்கமாக உள்ளது. பூனை பெரும்பாலும் முதன்முறை தொற்றும்போது சில வாரங்கள் மட்டுமே இதனை மலத்தில் வெளியேற்றும். பல ஆண்டுகள் வேட்டையாடிய முதிய பூனை அந்நிலையைக் கடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. மணல் தட்டை வேறொருவர் நாள்தோறும் தூய்மை செய்வதும், இறைச்சியை நன்கு வேகவைப்பதும் போதுமான காப்பாகும்.

முடிவெடுத்தல்

இருவேறு கேள்விகள் இங்கு ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. எப்போதும் வெளியே போய்வந்த பூனையை முதுமையில் தொடர்ந்து விடலாமா என்பது ஒன்று. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனையை முதுமையில் முதன்முறையாக வெளியே விடலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை பெரும்பாலும் இல்லை என்பதே. அடுக்குமாடியில் வளர்ந்த 11 வயதுப் பூனையுடன் ஊரிலுள்ள சொந்த வீட்டுக்குக் குடிபெயரும் குடும்பம், இனி இதற்கு விடுதலை என்று கதவைத் திறந்துவிடுவதுண்டு. அப்பூனைக்கு நாயும் தெரியாது, வண்டியும் தெரியாது, திரும்பும் வழியும் தெரியாது. வீடு மாறும்போது வெளியே பழகிய பூனையைக்கூட இரண்டு மூன்று வாரங்களுக்கு உள்ளேயே வைத்திருப்பது நல்லது. இல்லையெனில் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும்.

முதற்கேள்விக்கு ஒரே விடை இல்லை. பார்வை, காது, மூட்டு, சிறுநீரகம், எடை ஆகியவற்றை மருத்துவர் ஆய்ந்து நலமெனக் கண்டால், பழகிய தெருவில் பகல்நேர உலாவைத் தொடரலாம் என்பர் ஒருசாரார். பூனை உள்ளே இருப்பதே பாதுகாப்பு என்பர் மற்றொருசாரார். இருவரும் ஒத்துக்கொள்வன சில உண்டு. பார்வை இழந்த, காது கேளாத, திசை மறக்கும் பூனையைத் தனியே விடலாகாது. நாள்தோறும் இருவேளை மாத்திரை உண்ணவேண்டிய பூனை வெளியே தங்கிவிட்டால் மருந்து தவறும். நாய்கள் கூட்டமாகத் திரியும் இரவிலும் விடியற்காலையிலும் எந்த முதிய பூனையும் வீட்டுக்குள் இருப்பதே ஏற்றது. மாலையில் ஒரே நேரத்தில் உணவிட்டால் பெரும்பாலான பூனைகள் அந்நேரத்துக்குத் தாமே வந்துவிடும்.

இடைப்பட்ட வழிகளும் உள்ளன. முற்றத்தையோ மொட்டைமாடியின் ஒரு பகுதியையோ கம்பிவலையால் மேற்புறமும் சேர்த்து அடைத்து, நிழலும் நீரும் வைத்தால் பூனைக்கு வெயில், காற்று, பறவைக் காட்சி ஆகிய மூன்றும் கிடைக்கும். பழைய வீடுகளின் நடுமுற்றம் இதற்கு மிகப் பொருத்தமானது. அதன்மேல் ஏற்கனவே கம்பி போட்டிருப்பவர்களுக்கு வலை மட்டுமே செலவு. மார்புப்பட்டை அணிவித்து நடத்திச் செல்வதைச் சில பூனைகள் ஏற்கும். மூட்டுத் தேய்ந்த பூனைக்குத் தாழ்ந்த விளிம்புள்ள மணல் தட்டும், சன்னல் திட்டுக்கு ஏற ஒரு படியும் தேவை. முதிய பூனையின் நகம் தடித்து வளைந்து பாதத்தில் குத்தக்கூடுமாதலால் அவ்வப்போது வெட்டிவிடவேண்டும். வலிக்கு மனிதரின் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பது பூனையைக் கொன்றுவிடும்.

உள்ளே பழக்குவதைச் சிறிது சிறிதாகச் செய்யவேண்டும். முதலில் இரவு மட்டும், பின்னர் மாலையும், பின்னர் நண்பகலும் என வெளிநேரத்தைக் குறைக்கலாம். கோடை வெயிலில் பூனையே நிழல் தேடி உள்ளே படுக்குமாதலால், சித்திரை, வைகாசி மாதங்களில் இதனைத் தொடங்குவது எளிது.

சட்டம்

பூனையை வீட்டுக்குள் அடைத்தே வளர்க்கவேண்டும் என்று கட்டளையிடும் நடுவண் சட்டம் இந்தியாவில் இல்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாக்குகின்றது. வயதாகி எலி பிடிக்காத பூனையைக் கோணியில் கட்டிச் சந்தைத் திடலிலோ ஊரெல்லையிலோ விட்டுவருவது உலவவிடுதல் ஆகாது. அது இச்சட்டத்தின் கீழ் வரக்கூடிய கைவிடுதலாகும். இச்சட்டம் உருவாக மாநிலங்களவையில் முயன்றவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அண்டை வீட்டார் பூனைக்கு நஞ்சு வைத்தால், 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியத் தலைநகர் ஆட்புலத்தில் 2022 சூலை 1 முதல் பிறந்த பூனைகள் அனைத்தும் உரிமையாளரின் இடத்துக்குள்ளேயே வைக்கப்படவேண்டும். அந்நாளுக்கு முன் பிறந்த பூனைகளுக்கு, பூனை அடைப்புப் பகுதிகளாக முன்னரே அறிவிக்கப்பட்ட புறநகர்கள் தவிர்த்து, விலக்கு அளிக்கப்பட்டது. பழகிய வாழ்வை முதிய பூனையிடமிருந்து பறிக்காமல் புதிய தலைமுறையிலிருந்து தொடங்கும் ஏற்பாடாக இதனைக் கொள்ளலாம். செருமனியின் வால்டோர்ப் நகரில் கொண்டை வானம்பாடிகளின் குஞ்சுகளைக் காக்க 2022 மே முதல் ஆகத்து இறுதி வரை பூனைகளை வெளியே விடத் தடை விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் பூனை வெளியே போவது இயல்பாகவே கருதப்படுகின்றது. ஆனால் 2024 சூன் 10 முதல் 20 வாரங்களுக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைகளின் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்துவது கட்டாயமாகியுள்ளது.